பியூஸ் எரிந்தால் கோபப்படாதீர்கள்

மலையகத்தில் லொறி வைத்து வியாபாரம் செய்பவர்களுக்கு ஹீட்டர் என்றால் என்னவென்று சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அதிகாலையில் டீசல் வாகனத்தின் சாவியை ஒரு கட்டம் திருப்பி, டாஷ்போர்டில் எரியும் அந்தச் சிறு மஞ்சள் விளக்கு அணையும் வரை பொறுத்திருந்து, பிறகு ஸ்டார்ட் செய்வது எமது சாரதிமாருக்குக் கைவந்த பழக்கம். பதுளை நகரில் அந்தப் பொறுமை இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பிவிடும். அப்புத்தளையில், தம்பேதன்னையில், நமுனுகலைச் சாரலில் அது நடக்காது. அங்கே விடியற்காலைக் குளிரில் ஹீட்டர் வேலை செய்யவில்லையென்றால் சம்பள நாள் வியாபாரமே கைவிட்டுப் போய்விடும்.

அப்படியொரு சம்பள நாளில் எனக்கு நேர்ந்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இதில் குற்றவாளி வேறு யாருமல்ல, நானேதான். என்னைப் போல இன்னொரு வியாபாரி நஷ்டப்படக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாலு இழைச் செப்புக் கம்பி

2023 ஜனவரி மாதம். முதல் நாள் மாலையே மா, சீனி, பருப்பு, பால்மா எல்லாவற்றையும் ஏற்றி, எங்கள் சிறிய டீசல் லொறியை அப்புத்தளைக்கு அனுப்பியிருந்தேன். மறுநாள் விடிய முன்னர் தோட்டத்துக் கடைகளுக்குச் சாமான் இறக்க வேண்டும். அந்த வாரத்தில் மட்டும் ஹீட்டருக்குப் போகும் பெரிய பியூஸ் இரண்டு தடவை எரிந்துவிட்டது. இரண்டாவது தடவை சாரதி என்னிடம் வந்து, "நானா, இது சும்மா எரியல்ல. ஒருக்கா ஒயரிங் பாஸிடம் காட்டுவோம்" என்றார். நான் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. "சம்பள நாள் முடியட்டும், பிறகு பார்ப்போம். இப்போதைக்கு எதையாவது போட்டு ஓட்டுங்க" என்றேன்.

அந்த 'எதையாவது' என்னவென்று பிறகுதான் தெரிந்தது. வீட்டு ஒயரிங்கில் மீதமிருந்த 7/0.67 ஒயரின் நாலு இழையை முறுக்கி, எரிந்த பியூஸ் இருந்த இடத்தில் பூட்டியிருந்தார்கள்.

விடியற்காலை நாலரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. "நானா, லொறி பத்துது!"

நடந்தது இதுதான். குளிரில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகவில்லை. சாரதி மறுபடி ஹீட்டரைப் போட்டார். மூன்றாவது தடவை போட்டபோது டாஷ்போர்டுக்குக் கீழேயிருந்து இறப்பர் கருகும் வாசம் வந்தது. பின்னர் புகை வந்தது. சாவியை எடுத்த பிறகும் புகை நிற்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒயரின் மேலுறையே பற்றிக்கொண்டது. பெட்டரியின் முனையைக் கழற்ற ஸ்பெனர் தேடினால், அது ஆசனத்துக்கடியில் எங்கோ கிடந்தது. பின்னால் மா மூட்டைகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த உதவியாளர் தம்பி எழுந்து வந்து, எரிகிற ஒயரை வெறுங்கையால் பிடித்து இழுத்துப் பிடுங்கினான். இருவரும் மண்ணை அள்ளிப் போட்டுத் தீயை அணைத்தார்கள்.

அல்ஹம்துலில்லாஹ், உயிருக்குச் சேதமில்லை. ஆனால் தம்பியின் இரண்டு உள்ளங்கைகளும் கொப்புளித்துவிட்டன. புகை வாசம் ஏறிய மாவையும் பால்மாவையும் எந்தக் கடைக்காரரும் எடுக்கவில்லை. சம்பள நாள் வியாபாரம் போனது. லொறி பல நாட்கள் கராஜில் கிடந்தது.

பணம் போனதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இரண்டு நாள் கழித்துத் தம்பியின் தாய், கொழுந்து எடுத்துவிட்டு வேலைச் சேலையுடனேயே கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. சத்தம் போடவுமில்லை. "மொதலாளி, அது ரெண்டு வாட்டி எரிஞ்சிச்சாமே. எரிஞ்சிச்சின்னா எதையோ சொல்லுதுன்னுதானே அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

பியூஸ் யாருக்குக் காவல்?

எம்மில் அனேகர் நினைப்பது, பியூஸ் என்பது ரேடியோவையோ லைட்டையோ இன்வேர்ட்டரையோ பாதுகாக்க வைப்பது என்று. அது சரியல்ல. பியூஸ் முதலில் பாதுகாப்பது ஒயரை. ஒயரைப் பாதுகாப்பதன் மூலம் வாகனத்தையும் கடையையும் அதிலிருக்கிற மனிதரையும் பாதுகாக்கிறது.

ஒயருக்குள் மின்சாரம் ஓடும்போது அது சூடாகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. ஒயரின் மேலுள்ள பி.வி.சி. உறை ஓர் அளவுக்கு மேல் சூடு தாங்காது. உருகும், புகையும், பிறகு பற்றும். இந்தப் பாதையில் வேண்டுமென்றே மெலிதான ஓர் இடத்தை வைத்து, "சூடு அதிகமானால் நீ முதலில் உருகிப் போ" என்று சொல்லி வைப்பதுதான் பியூஸ். அது எரிவது அதன் பிழையல்ல. அது தன் கடமையைச் செய்திருக்கிறது.

எங்கள் லொறியில் ஹீட்டர் ஒயர் என்ஜினின் ஓர் இரும்புத் தாங்கியின் மேலால் போனது. அந்த இடத்திலிருந்த இறப்பர் வளையம் எப்போதோ விழுந்துவிட்டது. தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் ஒயர் தாங்கியில் உராய்ந்து, உறை தேய்ந்து, செம்பு வெளியே வந்து, அவ்வப்போது இரும்பில் பட்டது. முதல் பியூஸ் எரிந்து இதைச் சொன்னது. இரண்டாவது பியூஸும் சொன்னது. நாலு இழைக் கம்பிக்குச் சொல்ல வாயில்லை.

ஏன் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 0.67 மில்லிமீற்றர் தடிப்பான ஒரு செப்பு இழை உருகுவதற்குச் சுமார் 40 அம்பியர் வேண்டும். நாலு இழை முறுக்கினால் 150 அம்பியரைத் தாண்டினாலும் அது சட்டென்று அறாது. அங்கே ஓடிய ஒயரோ 6 சதுர மில்லிமீற்றர். அது தொடர்ந்து தாங்குவது 40 அம்பியர் அளவுதான். தேய்ந்த இடம் இரும்பில் முழுதாக ஒட்டாமல் அரைகுறையாகப் பட்டபடி 120 அம்பியர் இழுத்தால், 'பியூஸ்' என்ற பெயரில் இருந்த கம்பி அசையாது, ஒயர் அரை நிமிடத்தில் உருகும். காவற்காரன் தூங்கினான், வீடு எரிந்தது. தூங்குகிற காவற்காரனை வேலைக்கு வைத்தவன் நான்.

ஹீட்டர் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மிக இறுக்கமாக அமுக்கும்போது வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. என்ஜின் குளிர்ந்து கிடந்தால், அமுக்கிய காற்றின் சூட்டை இரும்பே உறிஞ்சிவிடும். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்து முன்கூட்டியே சூடேற்றுகிறார்கள்.

சாதாரணமாக ஒரு பிளக் 10 அம்பியர் அளவில் இழுக்கும். நாலு சிலிண்டர் என்றால் 40 அம்பியர். போட்ட முதல் ஓரிரு விநாடிகளில், பிளக் இன்னும் குளிராக இருப்பதால், இதைவிடக் கூடுதலாக இழுக்கும். எனவே இதற்கு மெல்லிய ஒயர் போட முடியாது. டாஷ்போர்டு சுவிட்ச் மூலம் நேரடியாகக் கொண்டுபோகவும் முடியாது. சாவி ஒரு சிறு ரிலேயை இயக்கும். அந்த ரிலேதான் பெட்டரியிலிருந்து வரும் பெரிய மின்னோட்டத்தைப் பிளக்குகளுக்கு விடும். ரிலே பழுதானால் சிலர் சுவிட்ச் வைத்து நேரடியாகக் கட்டிவிடுகிறார்கள். சுவிட்ச் சில வாரங்களில் உருகும். அதைவிட மோசம், சாரதி மறந்துபோய் அதைப் போட்டபடியே விட்டால் பிளக்கும் போகும், பெட்டரியும் போகும்.

இன்னொரு விடயம். ஹீட்டர் பியூஸ் சும்மா சும்மா எரிகிறதென்றால், பெரிய பியூஸ் போடுவது மருந்தல்ல. பிளக்கைக் கழற்றி ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வேண்டும். ஒயர் போகும் வழி முழுவதையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். எங்கே உராய்கிறது என்பதை விரல் கண்டுபிடித்துவிடும்.

படகுக்காரர்கள் சொல்லும் பாடம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படகிலேயே குடியிருப்போர் பலர் உண்டு. குளிர்காலத்தில் படகறையைச் சூடாக்க அவர்கள் டீசலில் எரியும் ஒரு சிறு ஹீட்டரைப் பொருத்துகிறார்கள். அதற்கும் 12 வோல்ட் பெட்டரிதான் உயிர். அவர்களுடைய அனுபவத்திலிருந்து மலைநாட்டு லொறிக்காரர் எடுத்துக்கொள்ள மூன்று பாடங்கள் இருக்கின்றன.

முதலாவது, இயங்கும்போது இழுப்பதைப் பார்த்து மட்டும் பியூஸ் தெரிவு செய்யக் கூடாது. அந்த ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றிரண்டு அம்பியர்தான் எடுக்கும். ஆனால் தொடங்கும்போது உள்ளிருக்கும் பிளக் சூடாவதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் 10 அம்பியர் அளவுக்கு இழுக்கும். தொடக்கத்தைத் தாங்குகிற பியூஸும், அந்தப் பியூஸைவிடக் கூடுதலாகத் தாங்குகிற ஒயரும் வேண்டும்.

இரண்டாவது, தூரம். பெட்டரி படகின் பின்பக்கம், ஹீட்டர் முன்பக்கம் என்றால் நீளமான ஒயரிலேயே வோல்ட் குறைந்துவிடும். பெட்டரியில் 12.5 வோல்ட் இருந்தும் ஹீட்டருக்கு 11 வோல்ட் கூடப் போய்ச் சேராமல், "பெட்டரி இறங்கிவிட்டது" என்று ஹீட்டர் நின்றுவிடும். ஆட்கள் புதுப் பெட்டரி வாங்குவார்கள். குறை பெட்டரியில் இல்லை, மெல்லிய ஒயரில்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். அமெரிக்கப் படகுகளுக்கான தரநிர்ணயம், பியூஸைப் பெட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது. வேறு பாதுகாப்புள்ள சில இடங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் அடிப்படை இதுதான். ஏனென்றால் பெட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. பியூஸை மறுமுனையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால், இடையில் ஒயர் தேய்ந்து இரும்பில் பட்டால் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நல்ல லொறிப் பெட்டரி, நேரடியாக முட்டினால் ஆயிரம் அம்பியருக்கு மேல் கொடுக்கும். இரும்பைப் பற்றவைக்கிற வெல்டிங் இயந்திரமே சில நூறு அம்பியரில் வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எங்களூரில் மேலதிக லைட், ஹோர்ன், சூன் பான் வண்டியின் பாட்டுப் பெட்டி எல்லாவற்றுக்கும் பியூஸ் எங்கே இருக்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் சுவிட்சுக்குப் பக்கத்தில், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். அங்கே கைக்கு எட்டும் என்பதற்காக வைத்திருப்பார்கள். பெட்டரியிலிருந்து அதுவரை வரும் ஒயர் அனாதையாகக் கிடக்கும்.

வியாபாரிக்குத் தெரிய வேண்டிய கணக்கு

கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் மனதாலேயே கணக்குப் போடுகிற எமக்கு இது பெரிய கணக்கல்ல. வொட்டை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர்.

55 வொட் லைட் இரண்டு என்றால் 110 வொட். 12 ஆல் வகுத்தால் சுமார் 9 அம்பியர். அதில் நாலில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், 11 அல்லது 12 வரும். அடுத்த அளவு 15 அம்பியர் பியூஸ். ஒயர் 2.5 சதுர மில்லிமீற்றர். முடிந்தது.

ஒயரின் தாங்குதிறனுக்கு ஒரு பாதுகாப்பான கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். 1 சதுர மில்லிமீற்றருக்கு 10 அம்பியர் பியூஸ், 1.5க்கு 15, 2.5க்கு 20, 4க்கு 30, 6க்கு 40, 10க்கு 60. இதற்கு மேற்பட்ட பியூஸ் அந்த ஒயரில் போடக் கூடாது. குறைவாகப் போடலாம். ஹீட்டர் பிளக்கைப் போல விநாடிக்கணக்கில் மட்டும் ஓடுபவற்றுக்கு வாகனத்தைத் தயாரித்தவர்கள் வேறு அளவு கொடுத்திருப்பார்கள். அங்கே அவர்களுடைய அளவுதான் சட்டம்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு. லொறியின் பின்பக்கத்துக்கு 5 மீற்றர் என்றால், போகவும் வரவும் 10 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் ஒயரில் 10 அம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் 0.3 வோல்ட்தான் போகும். லைட் மங்குகிறதென்று இன்னும் பெரிய பல்ப் போடுபவர்கள், இன்னும் கூடுதலாக இழுக்க வைத்து ஒயரை மேலும் சூடாக்குகிறார்கள்.

கத்தி போன்ற இரண்டு காலுள்ள வாகனப் பியூஸ்களின் நிறங்களைச் சாரதிக்கும் உதவியாளருக்கும் சொல்லிக் கொடுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, வெள்ளை 25, பச்சை 30. நீலம் இருந்த இடத்தில் நீலம்தான் போக வேண்டும். பச்சை போகக் கூடாது. சிகரட் பெட்டியின் ஈயத்தாளுக்கு நிறமும் இல்லை, எண்ணும் இல்லை.

சிகரட் லைட்டர் துளையில் இன்வேர்ட்டர் செருகுவோரும் கவனிக்க வேண்டும். அந்தத் துளைக்குப் பொதுவாக 10 அல்லது 15 அம்பியர் பியூஸ்தான். 120 முதல் 150 வொட்டுக்கு மேல் அதில் எடுக்க முடியாது. 300 வொட் வேண்டுமென்றால் பெட்டரியிலிருந்து தனி ஒயர், தனிப் பியூஸ்.

கடைக்குள்ளும் இதே கதைதான்

லொறி இல்லாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தை உலுக்கியபோது பாதையும் போனது, கரண்டும் போனது. இவ்வளவும் பார்த்த பிறகு பில் இயந்திரத்துக்கும் லைட்டுக்கும் கமராவுக்கும் ஓர் இன்வேர்ட்டரும் பெட்டரியும் வைத்துக்கொண்ட கடைகள் பல.

அங்கே நடக்கும் பிழை இதுதான். 600 வொட் சாமான்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்வேர்ட்டரின் 230 வோல்ட் பக்கத்தில் அது 2.6 அம்பியர்தான். சாதாரண ஒயர் போதும். ஆனால் 12 வோல்ட் பெட்டரிப் பக்கத்தில் அதே 600 வொட்டுக்கு 50 அம்பியர். இன்வேர்ட்டர் தானே விழுங்குவதையும் சேர்த்தால் 57. பெட்டரி இறங்கி 11 வோல்ட்டுக்கு வந்தால் 60க்கும் மேல். "வீட்டு ஒயர்தானே" என்று 2.5 சதுர மில்லிமீற்றர் ஒயரைப் பெட்டரிக்குப் பூட்டினால், எங்கள் லொறியில் நடந்தது உங்கள் கடையில் நடக்கும். அதுவும் கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் வீட்டிலிருக்கும் இரவில் நடக்கும். இந்த அளவுக்கு 16 சதுர மில்லிமீற்றர் இலகுவில் வளையும் பல இழை ஒயரும், பெட்டரிக்கு அருகிலேயே 80 அம்பியர் பியூஸும் வேண்டும். ஒயரும் இயன்றளவு கட்டையாக இருக்க வேண்டும்.

வீட்டு ட்ரிப் சுவிட்சை எடுத்துப் பெட்டரி ஒயரில் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூச்சியத்துக்கு வந்து போகிறது. அதனால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானாக அணையும். பெட்டரியின் மின்சாரம் நேரோட்டம், அது ஒரு போதும் பூச்சியத்துக்கு வராது. பொறி நின்று எரியும். சோலார் பொருத்தியவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே வோல்ட்டும் அதிகம். நேரோட்டத்துக்கென்று எழுதப்பட்ட பியூஸும் சுவிட்சும் மட்டுமே அங்கு பூட்டப்பட வேண்டும்.

பெட்டரியை மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்திலோ, அரிசி மூட்டைக்கடியிலோ, காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள்ளோ வைக்க வேண்டாம். அமிலப் பெட்டரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளியாகும். ஒரு சிறு பொறி போதும்.

செலவா, சேமிப்பா?

வாகனப் பியூஸ் ஒன்றின் விலை ஒரு பிளேன்டீயின் விலைக்குக் கிட்ட வரும். இறப்பர் வளையம் அதைவிடக் குறைவு. நல்ல ஒயரிங் பாஸ் ஒருவரின் அரை நாள் கூலியையும் சேர்த்தாலும், நான் அன்று இழந்த மா மூட்டைகளில் ஓரிரண்டின் பெறுமதிக்குள் எல்லாம் அடங்கியிருக்கும். காப்புறுதிக்காரர்கள் தீக்குக் காரணம் தேடுவார்கள். வாகனத்தில் பின்னால் சேர்த்த ஒயரிங் கண்ணில் பட்டால் கேள்விமேல் கேள்வி வரும். பியூஸ் இருந்த இடத்தில் கம்பி இருந்தால் நாம் என்ன பதில் சொல்வது?

தம்பியின் வைத்தியச் செலவையும், அவன் வேலைக்கு வராத நாட்களின் சம்பளத்தையும் நான் கொடுத்தேன். அது தர்மமல்ல, என் கடன். எங்கள் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் தோட்டத்து லயங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் எம்மை நம்பித்தான் வருகிறார்கள். அவர்கள் லொறியில் தூங்குகிறார்கள், கடையின் பின்னறையில் தூங்குகிறார்கள். பெட்டரிக்குப் பக்கத்தில் தூங்குகிறவர் முதலாளியல்ல.

இந்த வாரமே செய்யக்கூடியவை

கடை பூட்டும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பியூஸ் பெட்டியைத் திறந்து, கம்பி, ஈயத்தாள், ஆணி என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டியை நகர்த்தாமல் அங்கேயே மாற்றுங்கள். பிறகு பெட்டரியின் நேர் முனையிலிருந்து எத்தனை ஒயர் கிளம்புகிறதென்று எண்ணுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த ஒயரைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸைச் சந்திக்க வேண்டும்.

இரும்பைத் துளைத்துச் செல்லும் ஒவ்வோர் இடத்திலும் இறப்பர் வளையம் இருக்க வேண்டும். ஒரு முழத்துக்கொரு தடவை ஒயரைக் கட்டி வைக்க வேண்டும். தொங்கும் ஒயர்தான் உராயும். வாகனத்துக்கு வீட்டு ஒயர் போட வேண்டாம். அதன் தடித்த இழைகள் எங்கள் பாதைகளின் குலுக்கலில் முறியும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளுக்குப் பதிலாக, அழுத்திப் பூட்டும் முனைகளைப் போடச் சொல்லுங்கள்.

பெட்டரியைக் கழற்றும்போது எதிர் முனையை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். அப்போது ஸ்பெனர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி வராது. அந்த அளவு ஸ்பெனர் ஒன்றைப் பெட்டரிக்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அன்று அது கைக்கெட்டியிருந்தால் தம்பியின் கை தப்பியிருக்கும். பெட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று பூட்டினால் இன்னும் நல்லது. ஒரு தீயணைப்புக் குப்பியும், ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு உதிரிப் பியூஸும் வண்டியில் இருக்கட்டும். கடைக்குள் ஒயரிங் செய்வதானால் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற்ற ஒருவரிடம் வேலையைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு நிபந்தனையை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரே பியூஸ் இரண்டாவது தடவை எரிந்தால், காரணம் தெரியும் வரை அந்த வண்டி ஓடாது. சம்பள நாளாக இருந்தாலும் சரி, பெருநாள் சீசனாக இருந்தாலும் சரி.

எங்கள் லொறி இப்போதும் விடியற்காலையில் அப்புத்தளைக்குப் போகிறது. தம்பி இப்போது உதவியாளர் மட்டுமல்ல, வண்டியின் பியூஸ் பெட்டிச் சாவியும் அவனிடம்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு நாள் காலையில் அழைத்தான். "மொதலாளி, பின் லைட்டோட நீலப் பியூஸ் எரிஞ்சிருச்சு. புதுசு போட்டேன், அதுவும் எரிஞ்சிருச்சு. வண்டிய நிப்பாட்டிட்டேன்" என்றான். அன்று இறக்க வேண்டிய சாமான் ஒரு நாள் பிந்தியது. கோபப்படும் கடைக்காரர்களிடம் நானே தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் மட்டும், "நல்ல வேலை செய்தாய் தம்பி" என்றேன்.